பாதி அழுத்திய விரல்

"எல்லாப் படமும் கலங்கலா வருது தாயி. கேமராவுல கோளாறா, என் கையில கோளாறா, நீதான் பாத்துச் சொல்லணும்."

வெயிலுமுத்து கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

எப்சிபா பெஞ்சைக் காட்டினாள். அவர் உட்கார்ந்த பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தாள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல்களை ஏற்றிக்கொண்டு நாக்பூர், கான்பூர் என்று வடக்கே போய் இறக்கிவிட்டு வருவார். அவளுக்கு முப்பத்திரண்டு. ஹாக்கி ஆட்டங்களைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில், மைதானத்துக்குப் பின்னால் இருந்த மாடி அறையில், தேடி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். நல்லாச் சொல்லித்தரும், ஆனா வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை வாங்குறது கஷ்டம் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. அவள் ஒன்றையும் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீழே மைதானத்தில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டது.

கடைசியில் நிமிர்ந்தாள்.

"நாற்காலி நல்லா வந்திருக்கு."

வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். உண்மைதான். எல்லாப் படத்திலும் பிரம்பு நாற்காலி பளிச்சென்று இருந்தது. பின்னலில் ஓரிடம் அறுந்திருப்பதுகூடத் தெரிந்தது. நாற்காலியைவிட்டு எழுந்து போகிற ஒரு பெண், புகையைப் போல, படத்துக்குப் படம் ஒரு பக்கமாகக் கலைந்துகொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?"

"எம் பொண்டாட்டி. சீனியம்மா."

"உக்கார மாட்டாங்களா?"

"அஞ்சு எண்றதுக்குள்ள எந்திரிச்சிருவா. எந்நேரமும் நடைதான். அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுப்படிக்கும். ரெண்டு வருஷமா ஞாபகம் இல்ல தாயி. பெத்த மகனத் தெரியாது. என்னையும் தெரியாது. போனது இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"படம் எதுக்கு?"

"போலீசுக்கு."

அவரே சொன்னார்.

தை மாதத்தில் ஒருநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சீனியம்மாள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். தெருத்தெருவாகத் தேடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு நல்ல மனுசர். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போட்டோ இருக்கா?" என்று கேட்டார். ரேஷன் கார்டில் இருந்தது இருபது வருஷத்துக்கு முந்தின படம். அதை விட்டால் போனில் இருந்த கலங்கல் படங்கள்தான். ஏட்டு போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இத வச்சு நான் எந்தப் பொம்பளையன்னு தேட? அடுத்த தடவைக்காவது தெளிவா ஒண்ணு எடுத்து வைங்க" என்றார்.

மறுநாள் மத்தியானம், நாலுவழிச் சாலையோரம், பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடைக்காரர் அவளைப் பார்த்து உட்காரவைத்திருந்தார். கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

"அடுத்த தடவன்னு சொன்னாரு பாரு, அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். மகன்கிட்டச் சொன்னேன். இந்தக் கேமராவ வாங்கிக் குடுத்துட்டுப் போனான்."

"லென்ஸ் வளையத்த இப்படித் திருப்பி வச்சது யாரு?"

"அவந்தான். தானா எடுக்கட்டும்னு விட்டா கேமரா சன்னல் கம்பியப் புடிக்குதுப்பா, நானே நாற்காலிக்குச் சரியாத் திருப்பி வச்சுட்டேன், இதத் தொடாதீங்க, அம்மாவ உக்காரவச்சு பட்டன மட்டும் அமுக்குங்கன்னான்."

"வளையம் எங்க நிக்குதோ அந்த எடம் மட்டும்தான் தெளிவா இருக்கும். ஆள்தான் அந்த எடத்துக்கு வரணும். வரலைன்னா கேமராவுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அங்கேயே பாத்துக்கிட்டு இருக்கும்."

"நானும் அப்படித்தான இருக்கேன்" என்றார் வெயிலுமுத்து.

அவள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஒண்ணு தெளிவா இருக்கே."

எது என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"அது வேண்டாம்."

அந்தப் படத்தில் சீனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பச்சைத் துண்டு அவள் இடுப்பையும் நாற்காலி முதுகையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை முடிகளை எண்ணிவிடலாம். அவ்வளவு தெளிவு.

"ஏட்டு கேட்டது இந்த மாதிரிதானே?"

"அது அவ மூஞ்சி இல்ல தாயி."

"பின்ன?"

வெயிலுமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புல் வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"என்னப் பாத்துப் பயந்தவ மூஞ்சி."

அன்றையிலிருந்து அவர் துண்டைக் கையில் எடுத்தாலே சீனியம்மாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். துண்டு போடுவதையே அவர் விட்டுவிட்டார். அப்படியும் அந்த ஒட்டல் போகவில்லை. இதை அவர் எப்சிபாவிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொன்னதில்லை.

எப்சிபா கேமராவின் அடிப்பக்கத்தைத் திறந்து மெமரி கார்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டாள். காலிக் கேமராவை அவரிடம் நீட்டினாள்.

"கார்டு இல்லாம எப்படிப் படம் விழும்?"

"விழாது."

"பெறகு நான் எதுக்கு வர?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துருங்க" என்றாள்.

*

மைதானத்தில் பெண்பிள்ளைகள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எப்சிபா லென்ஸில் இருந்த சின்ன விசையை மறுபக்கம் தள்ளினாள். கேமரா மெனுவுக்குள் போய் எதையோ மாற்றினாள்.

"இப்ப ஆள் நகர நகர இதுவும் கூடவே நகரும். கிட்ட வந்தா கிட்ட வரும், தள்ளிப் போனா தள்ளிப் போகும். ஆனா நீங்க பட்டனப் பாதி அழுத்தியே வச்சிருக்கணும். விரல எடுத்தீங்கன்னா அதுவும் விட்ரும்."

"முழுசா எப்ப அமுக்க?"

"இன்னைக்கு அமுக்க வேண்டாம்."

"ஒருக்காகூடவா?"

"எட்டாம் நம்பர் பிள்ளையப் பாருங்க. அவ மட்டும்தான் உங்களுக்கு."

வெயிலுமுத்து கேமராவைக் கண்ணில் வைத்தார். எட்டாம் நம்பர் ஒல்லியான பிள்ளை. இரட்டைச் சடை. இடது ஓரமாக ஓடிக்கொண்டிருந்தாள். பட்டனைப் பாதி அழுத்தியதும் அவள் முகம் தெளிந்தது. ஓடினாள், முகம் தெளிவாகவே ஓடியது. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. லாரியில் முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பந்து மறுபக்கம் போனது. கூட்டம் கத்தியது. அவரும் திரும்பினார்.

"எட்டாம் நம்பர் எங்க ஐயா?"

தேடினார். எல்லாம் ஒரே நீலச் சட்டை.

"பந்து அந்தப் பக்கம் போச்சு தாயி. அவகிட்ட இல்லையே."

"பந்து இருக்கும்போது மட்டும் பாக்கவா வந்தீங்க?"

மறுபடியும் எட்டாம் நம்பரைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிள்ளை சும்மா நின்றுகொண்டிருந்தாள். காலுறையை இழுத்துவிட்டாள். மூக்கைத் துடைத்தாள். வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறியது. சுட்டுவிரல் கடுத்தது. ஆட்டம் முடிகிற வரைக்கும் பந்து அவளிடம் மூன்று தடவைதான் வந்தது.

கிளம்பும்போது கேட்டார்.

"அவ அடுத்தாப்புல எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப என்னதான் செய்ய?"

"பாதி அழுத்தி வச்சிருங்க."

*

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வலைக்கு அந்தப் பக்கம் கோல்கீப்பர் பிள்ளை முதுகைக் காட்டி நின்றாள்.

"அவ திரும்புறப்ப மூஞ்சியப் புடிங்க."

அவர் பிடித்தார். பிடித்தது வலை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வலைதான், ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாகத் தெரிந்தது. பிள்ளை கலங்கலாக அப்பால் நின்றாள்.

"முன்னால எது நிக்குதோ அதத்தான் புடிக்குது, சனியன்."

"அதுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் இல்ல. பக்கத்துல இருக்குறதப் புடிக்கும். உங்க கண்ணுக்கு வலை தெரியுதா?"

"நான் பிள்ளையத்தான பாக்கேன்."

எப்சிபா லென்ஸ் விசையைத் தள்ளினாள். அவருடைய இடது கையை எடுத்து வளையத்தின்மேல் வைத்தாள்.

"அப்போ நீங்க கூட்டிட்டுப் போங்க."

மெல்லத் திருப்பினார். முடிச்சுகள் மங்கின. கயிறுகள் தடித்து, வெளுத்து, தண்ணீர் மாதிரி ஆகிக் கரைந்துபோயின. பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள். உதட்டுக்குமேல் வேர்வை. சிரிப்பதா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு முகம்.

அவர் கேமராவை இறக்கவில்லை.

"இது எம் மவன் வச்ச அதே வளையம்தான?"

"அதேதான்."

"அன்னைக்கு ஏன் வரல?"

எப்சிபா வலைக்கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"இப்ப வீட்டுல அம்மாகூட யாரு இருக்கா?"

"பக்கத்து வீட்டு மதினி இருக்கு. வெளிக்கதவு பூட்டியிருக்கு."

"எந்நாளும் பூட்டா?"

"தெறந்தாப் போயிருவா தாயி."

"போகட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். வேடிக்கையாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

"ஒருக்காப் போயித்தான் உசிரு போயி உசிரு வந்திச்சு. நீ என்ன, போகட்டுங்கிற."

"அவங்க போறப்ப நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள் எப்சிபா.

*

மறுநாள் விடிந்ததும் வெயிலுமுத்து பூட்டைத் திறந்தார்.

சீனியம்மாள் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கையில் துண்டு இல்லை. கேமராதான் இருந்தது. இறங்கி நடந்தாள்.

அவர் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தார். தெருமுனை வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று முழுக்க அவள் அடுப்படி மூலையைவிட்டு வரவில்லை. சாப்பிடவும் இல்லை.

இரண்டாம் நாள் இழுக்கவில்லை. பஜார் வரைக்கும் போனார்கள். அவள் ஒரு வளையல் கடை முன்னால் நின்றாள், பிறகு நடந்தாள். வெயில் வந்ததும் அவளாகவே திரும்பினாள். திரும்புகிற வழி அவளுக்குத் தெரியவில்லை, அவர் முன்னால் போய் நடந்தார், அவள் வந்தாள்.

மூன்றாம் நாள் கேமராவைக் கண்ணில் வைத்தார். பாதி அழுத்தினார். முகம் வேண்டுமென்றால் முன்னால் போகவேண்டும். முன்னால் போய்ப் பின்பக்கமாக நடந்தார். தெருவில் இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். முப்பது வருஷம் நேராகப் பார்த்தே வண்டி ஓட்டிய மனுசர், இப்போது பின்பக்கமாக நடந்து பழகினார்.

கண்ணாடிக்குள் அவள் முகம் கிட்டத்தில் வந்தது. நெற்றியில் ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று யோசித்தார். தெரியவில்லை. வண்டியில் போயிருந்த நாளில் வந்ததாக இருக்கும்.

நான்காம் நாள் ஒரு கல் தடுக்கி மல்லாக்க விழுந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது.

சீனியம்மாள் நின்றாள்.

"விழுந்துட்டீகளா அண்ணே?"

அவர் எழவில்லை. அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசி எட்டு மாசம் ஆகியிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"போட்டோக்காரரா நீங்க?"

"ஆமா."

"யாரு வீட்டுல கல்யாணம்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நடந்துவிட்டாள். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து பின்னால் ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை இதை எப்சிபாவிடம் சொன்னார்.

"கட்டின பொண்டாட்டி அண்ணேங்கா தாயி. இதுக்கா நான் இவ்ளோ தூரம் பின்னால நடந்தேன்?"

எப்சிபா டிராயரைத் திறந்தாள். மெமரி கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தப் படம் இன்னும் இதுல இருக்கா?"

"இருக்கு."

"நீ அழிச்சிருப்பன்னு நெனச்சேன்."

"அது என் படம் இல்லையே."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தளவுதான் இருந்தது.

"இனிமே எடுக்கலாமா?"

"அவங்க நிக்கிறப்ப எடுங்க."

"அவதான் நிக்க மாட்டாளே."

"எங்கயோ நிக்கத்தான் போறாங்க. இல்லாட்டி எதுக்கு இந்த நடை" என்றாள் எப்சிபா.

*

அந்த வாரம் புதன்கிழமை சீனியம்மாள் பஜார் பக்கம் திரும்பவில்லை. தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டி, பருத்திக் காட்டு வரப்பில் இறங்கினாள். வேகமாக நடந்தாள். வெயிலுமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

நாலுவழிச் சாலை வந்தது.

அவள் ஓரத்தில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்தாள். வண்டிகள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஒரு கால் எடுத்துவைப்பாள், பின்வாங்குவாள். அப்புறம் சாலையோரமாகவே தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

தை மாதம் பதினோரு கிலோமீட்டர் எப்படி நடந்தாள் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. அவள் வழிதவறிப் போனவள் இல்லை. ரோட்டைக் கடக்கமுடியாமல் அதன் கூடவே போயிருக்கிறாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அங்கிட்டுப் போகணுமா?"

"ஆமாண்ணே. முன்ன இந்த ரோடு இல்ல."

கையை நீட்டினார். அவள் பார்த்தாள். பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கடந்தார்கள்.

சரிவில் இறங்கியதும் கையை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒற்றையடிப் பாதை, ஓடை, அதைத் தாண்டிக் கண்மாய்க் கரை. கரையில் ஏறி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து, ஒரு பழைய உடைமரத்துக்குக் கீழே போய் நின்றாள்.

நின்றேவிட்டாள்.

வெயிலுமுத்துவும் நின்றார். நடுவில் முள்ளுச் செடிகள் புதராக மண்டிக் கிடந்தன. அவருக்குக் கால் எடுத்துவைக்க வரவில்லை. செடியினால் அல்ல.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அப்போது அவர் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். பெண்குழந்தை பிறந்திருக்கிறது என்று கம்பெனி மூலமாகச் சேதி வந்தது. இறக்கிவிட்டு, திரும்பு லோடுக்கு நான்கு நாள் காத்திருந்து, ஊருக்கு வந்து சேர்ந்தார். வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "பிள்ள பதினோரு நாள்தான்டா இருந்திச்சு. கண்மாய்க் கரையில வச்சாச்சு. நீ கை காலக் கழுவு" என்றாள்.

அவர் கை காலைக் கழுவினார்.

எங்கே என்று கேட்கவில்லை. கண்மாய்க் கரை இரண்டு மைல் நீளம். சீனியம்மாள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அடுத்த லோடு. மூன்றாம் வருஷம் மகன் பிறந்தான். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒரு பையன் என்று சொல்லிச் சொல்லி, அவர் மனசிலும் அதுவே கணக்காகிவிட்டது. அவளும் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

கேமராவைக் கண்ணில் வைத்தார். பாதி அழுத்தினார். முள் தெரிந்தது. வெள்ளை முள், ஒவ்வொன்றும் கூர்மையாக.

விசையைத் தள்ளினார். இடது கை வளையத்தைத் தேடிப் பிடித்தது. திருப்பினார். முள்ளெல்லாம் கரைந்து விலகியது. அப்பால் அவள் முகம் வந்தது.

பயம் இல்லாத முகம். உதடு அசைந்துகொண்டிருந்தது. கீழே மண்ணைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை முடித்துவந்த தாய் தொட்டிலை எட்டிப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

ஒரு தடவை முழுசாக அழுத்தினார்.

ஒரே ஒரு படம். அதற்குமேல் அவரால் கண்ணாடிக்குள் பார்க்க முடியவில்லை. கேமரா கழுத்தில் தொங்க, புதரைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

சீனியம்மாள் நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கும் இங்கன பிள்ள இருக்காண்ணே?"

அவர் குனிந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்த மண்ணைப் பார்த்தார்.

"இருக்கு."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"பேரு வச்சீகளா?"

"இல்ல" என்றார். "வைக்கல."

"வைக்காமலா விட்டீக." அவள் குரலில் வருத்தம்தான் இருந்தது, குற்றம் சொல்கிற தொனி இல்லை. "நான் வச்சிட்டேன். யாரும் வைக்கக்கூடாதுன்னாக. நானா வந்து இங்கன நின்னு வச்சேன். வெயிலம்மா. அவ அப்பா பேரு அதுல பாதி இருக்கு."

கண்மாயில் தண்ணீர் இல்லை. வெடித்த கரிசல் மண் கண்ணுக்கெட்டிய வரைக்கும் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுக எங்க இருக்காக?" என்று கேட்டார்.

"வடக்க லோடு கொண்டுபோயிருக்காக. வந்துருவாக. வந்தாச் சொல்லணும். பேரும் தெரியாது, எடமும் தெரியாது அவுகளுக்கு." அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "நீங்க வடக்க போற ஆளா?"

"முன்ன போவேன்."

"அவுகளப் பாத்தாச் சொல்லுவீகளா?"

"சொல்றேன்."

"பேரு என்ன சொன்னேன்?"

"வெயிலம்மா."

அவளுக்குத் திருப்தியாக இல்லை. கரையின் நீளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"எடத்தச் சரியாச் சொல்லணுமேண்ணே. பக்கத்துல எவ்வளவோ பிள்ளைக கெடக்கு."

அவர் தலையாட்டினார்.

சீனியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவரும் உட்கார்ந்தார். அவருடைய உள்ளங்கையை விரித்து, மரத்தின் வேரிலிருந்து ஒரு சாண் அளந்து, மண்ணின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"இங்கன."